கார்ட்மெல் கோடை ரேஸ்: புக்கியா, டோட்டா, போனா, எக்ஸ்சேஞ்சா?

ஒவ்வொரு கோடையிலும் இதே கேள்வி வருகிறது. லேக் டிஸ்ட்ரிக்ட் சுற்றிப் பார்க்க வரும் நண்பர்கள், அப்படியே ஒரு நாள் கார்ட்மெல் குதிரை ரேஸுக்கும் போய்விடலாம் என்று முடிவு செய்துவிட்டு, கிளம்புவதற்கு முந்தின ராத்திரி போன் போட்டு, "காசை எங்கப்பா போடுறது? அங்க நிக்கிற புக்கிகிட்டயா, டோட்லயா, இல்ல போன்லயே போட்டுக்கலாமா?" என்பார்கள். எந்தக் குதிரை ஜெயிக்கும் என்று கேட்டால் என்னிடம் பதில் கிடையாது. இந்தக் கேள்விக்கு உண்டு. புக்கி என்றால் தானே விலை சொல்லிப் பந்தயம் வாங்குகிறவர், டோட் என்றால் எல்லார் காசையும் சேர்த்து ஜெயித்தவர்களுக்குப் பிரிக்கும் ஏற்பாடு, எக்ஸ்சேஞ்ச் என்றால் பந்தயம் கட்டுகிறவர்களே ஒருவருக்கு எதிராக ஒருவர் போடும் இணையச் சந்தை. போனில் சொல்லி முடியாது, அதனால்தான் இதை உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பிரெஸ்டனில் இருந்து எட்டு வருடமாகப் போய்வருகிறேன், போட்டது வந்தது எல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன், மொத்தக் கணக்கில் நஷ்டத்தில்தான் இருக்கிறேன். ஆனால் அந்த நோட்டைப் புரட்டிப் பார்த்தால், தப்பான குதிரையில் போனதற்குச் சமமாக, சரியான குதிரையைத் தப்பான இடத்தில் போட்டுப் போனதும் இருக்கிறது. முதலாவதை என்னால் சரி செய்ய முடியவில்லை. இரண்டாவதைக் கொஞ்சம் சரி செய்திருக்கிறேன்.

இடம் எப்படிப்பட்டது

கார்ட்மெல் இங்கிலாந்தின் வடமேற்கில், கும்ப்ரியாவில் இருக்கிற ஒரு சின்னக் கிராமம். 12ஆம் நூற்றாண்டு மடாலயக் கோயில் ஒன்று, ஒரு சதுக்கம், ஸ்டிக்கி டாஃபி புட்டிங் விற்கும் கடை, அதைத் தாண்டினால் ரேஸ் திடல். வருடத்தில் பத்து நாள்கூட அங்கே ரேஸ் கிடையாது. மே மாதக் கடைசி, நடுக்கோடை, ஆகஸ்ட் பேங்க் ஹாலிடே (பொது விடுமுறை), அவ்வளவுதான். நடப்பதெல்லாம் ஜம்ப் ரேஸ். பெரிய வேலி தாண்டினால் சேஸ், சின்னத் தட்டி தாண்டினால் ஹர்டில்.

பிரிட்டனில் ஜம்ப் ரேஸ் என்றாலே குளிர்காலச் சமாச்சாரம். ஜூன், ஜூலையிலும் அதை நடத்த ஆரம்பித்தது 1995இல்தான். பனிக்காலத்தில் செல்ட்டன்ஹாமில் ஓடுகிற பெரிய குதிரைகள் கோடையில் புல் மேய்ந்துகொண்டிருக்கும். காய்ந்த, வேகமான தரை பிடிக்கிற, நடுத்தரமான குதிரைகள்தான் இங்கே வரும். வருவதும் குறைவு. ஏழு, எட்டு குதிரை ஓடுகிற ரேஸ்கள் நிறையப் பார்க்கலாம். இந்த ஏழு, எட்டு என்ற எண்ணிக்கையை மனதில் வையுங்கள், பின்னால் இதில்தான் வம்பே இருக்கிறது.

திடல் இடது பக்கம் திரும்பும் சின்ன வட்டம், ஒரு சுற்று ஒரு மைலுக்குச் சற்று மேல். விசேஷம் முடிவில் இருக்கிறது. சேஸில் கடைசி வேலியைத் தாண்டிய பிறகு வெற்றிக்கோட்டுக்கு இன்னும் அரை மைல், கிட்டத்தட்ட 800 மீட்டர், ஓட வேண்டும். பிரிட்டனிலேயே நீளமான கடைசி ஓட்டம் இதுதான். கிண்டியில் 1200 மீட்டர் ரேஸ் பார்த்தவர்களுக்குச் சொன்னால் புரியும், அந்த ரேஸில் மூன்றில் இரண்டு பங்கு தூரம் இங்கே கடைசி வேலிக்குப் பிறகு மிச்சம் இருக்கிறது. அந்தக் கடைசி ஓட்டம் திடலின் நடுவாகப் போகும். அதே நடுவில்தான் ராட்டினம், பொரித்த மீன் வண்டி, பார்பிக்யூ புகை, குழந்தைகள் எல்லாம். முன்னால் போகிற குதிரை ராட்டினத்துக்குப் பின்னால் ஒரு கணம் மறையும், மறுபடி தெரியும்போது வேறு குதிரை முன்னால் வந்திருக்கும்.

எதை வைத்து ஒப்பிடுவது

நான் பார்ப்பது ஐந்து விஷயம்.

ஒன்று, பிடித்தம் எவ்வளவு. நாம் போடுகிற 100 பவுண்டில் எவ்வளவு அவர்கள் பையில் நிற்கிறது. இரண்டு, விலை, அதாவது ஜெயித்தால் ஒன்றுக்கு எத்தனை என்பது, எப்போது உறுதியாகிறது, போடும்போதேயா, ரேஸ் முடிந்த பிறகா. மூன்று, ஒரு குதிரை கடைசி நேரத்தில் விலகினால் நம் பந்தயத்துக்கு என்ன ஆகிறது. கோடையில் இது அடிக்கடி நடக்கும். தரை காய்ந்துவிட்டது என்று காலையில் ட்ரெய்னர் குதிரையை எடுத்துவிடுவார். நான்கு, அந்தக் கூட்டத்தில், அந்த இடத்தில், அது வேலை செய்யுமா. ஐந்து, கை மீறிப் போகாமல் நிறுத்த எது உதவும். இந்த ஐந்தாவதைச் சிரித்துக்கொண்டே தாண்டிப் போகிறவர்கள்தான் ஆறாவது ரேஸில் கடன் கேட்பார்கள்.

வரி பற்றிக் கேட்பவர்களுக்கு: பிரிட்டனில் பந்தயம் கட்டுகிறவர் தலையில் விழுந்த வரி 2001இல் போய்விட்டது. ஜெயித்த பணம் முழுதாக உங்களுடையது. நான்கு வழிக்கும் இது பொது, அதனால் ஒப்பீட்டில் சேர்க்கவில்லை.

திடலில் நிற்கும் புக்கி

குடை, பெட்டி, மின்பலகை, அதில் குதிரைப் பெயரும் விலையும். போய் "மூணாம் நம்பர், பத்து பவுண்டு, வின்" என்றால் அச்சடித்த டிக்கெட் வரும். அந்த டிக்கெட்டில் நம்பர், விலை, ஜெயித்தால் எவ்வளவு என்பது எல்லாம் இருக்கும். 5/1 என்று வாங்கினால் ஒன்றுக்கு ஐந்து, அதன் பிறகு பலகையில் 3/1 ஆனாலும் 8/1 ஆனாலும் உங்களுக்கு 5/1தான்.

பிடித்தம் எவ்வளவு என்று நீங்களே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எட்டு குதிரைக்குப் பலகையில் 2/1, 7/2, 5/1, 6/1, 8/1, 12/1, 16/1, 25/1 என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றையும் சதவீதமாக மாற்றிக் கூட்டினால் (2/1 என்றால் மூன்றில் ஒன்று, 33.3; 7/2 என்றால் ஒன்பதில் இரண்டு, 22.2, இப்படி) 115 வரும். அதாவது எல்லாக் குதிரையையும் அளவாக வாங்க 115 பவுண்டு கொடுத்து, எது ஜெயித்தாலும் 100 திரும்ப வாங்குவோம். சுமார் 13 சதவீதம் புக்கிக்கு. வரிசையாக நடந்து போய் ஒவ்வொரு பலகையிலும் நம் குதிரைக்கு நல்ல விலை எது என்று பார்த்து வாங்கினால் இது கணிசமாகக் குறையும். இரண்டு நிமிட நடைதான். முதல் குடையிலேயே நின்று கொடுத்துவிட்டு வருகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றெரிச்சலாக இருக்கும், பக்கத்துக் குடையில் அதே குதிரை அரைப் புள்ளி கூட இருக்கும்.

மறைவான செலவு ஈச்-வேயில். ஈச்-வே என்றால் பாதிக் காசு வின்னுக்கு, பாதி பிளேஸுக்கு, அதாவது முதல் இரண்டு மூன்று இடத்துக்குள் வருவதற்கு. எத்தனை இடம், விலையில் எத்தனையில் ஒரு பங்கு என்பதைப் பலகையில் சின்னதாகப் போட்டிருப்பார்கள். பக்கத்துப் பக்கத்தில் நிற்கிறவர்களே வேறு வேறாக வைத்திருப்பார்கள், சிலர் சின்ன ரேஸில் ஈச்-வே எடுக்கவே மாட்டார்கள். படித்துவிட்டுக் கொடுங்கள். இன்னொன்று, ஜெயித்தவுடனே ஓடிப்போய் நிற்காதீர்கள், ஜாக்கிகள் எடை பார்த்து முடிந்தது என்ற அறிவிப்பு வந்த பிறகுதான் காசு. அதற்கு முன்னால் டிக்கெட்டைக் கசக்கி எறிகிறவர்கள் முட்டாள்கள், விசாரணை வைத்து முடிவை மாற்றுவதும் உண்டு.

உள்ளூர் சங்கதி ஒன்று. ஜேம்ஸ் மொஃபாட் என்ற ட்ரெய்னரின் லாயம் கார்ட்மெல்லிலேயே இருக்கிறது. அவர் குதிரை ஓடினால் உள்ளூர்ப் பாசத்தில் கூட்டம் கையில் இருக்கிறதைக் கொட்டும், பலகையில் விலை இறங்கும். அவர் குதிரை வேண்டும் என்றால் காலையிலேயே வேறு வழியில் வாங்குவது மேல். அவர் குதிரைக்கு எதிராகப் போகிறீர்கள் என்றால், கடைசி ஐந்து நிமிடத்தில் திடல் புக்கிதான் சரியான ஆள்.

டோட்

சென்னைக்காரர்களுக்கு டோட்டை விளக்க வேண்டியதில்லை. எல்லார் காசும் ஒரு குடத்தில், அதில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டு மிச்சத்தை ஜெயித்தவர்களுக்குப் பிரிப்பது. பிரிட்டனில் 1928 சட்டத்தில் பிறந்தது, 2011இல் தனியாருக்குப் போனது, 2019இல் மறுபடி கை மாறியது.

விலை போடும்போது தெரியாது. பிடித்தம் அதிகம், வின் பந்தயத்தில் ஏறத்தாழ 19 சதவீதம், பிளேஸில் 20, முதல் இரண்டு குதிரையை வரிசையாகச் சொல்லும் எக்ஸாக்டாவில் 25, ஆறு ரேஸிலும் இடம் பிடிக்கிற குதிரையைத் தேர்ந்தெடுக்கும் பிளேஸ்பாட்டில் 27. இதைப் படித்தவுடனே டோட்டை ஒதுக்கிவிடத் தோன்றும். எனக்கும் தோன்றியது. பிறகு பிக்னிக் கூட்டத்தோடு போன ஒரு வருடம் மனம் மாறினேன்.

பத்துப் பேர், ஆளுக்கு இரண்டு பவுண்டு, ஒரே பிளேஸ்பாட். ஆறு ரேஸிலும் இரண்டிரண்டு குதிரை என்றால் 64 சேர்க்கை, சேர்க்கைக்கு 10 பென்ஸ் வைத்தால் 6.40 பவுண்டு, மீதிக் காசில் எல்லாருக்கும் சிப்ஸ். முதல் ரேஸில் இருந்து ஆறாவது ரேஸ் வரை பத்துப் பேருக்கும் கத்துவதற்குக் காரணம் இருந்தது. நாலாவது ரேஸில் எங்கள் இரண்டு குதிரையும் பின்தங்கி, ஒன்று கடைசி 100 மீட்டரில் மூன்றாவதாக ஊர்ந்து வந்தபோது, ரேஸே பிடிக்காத என் மனைவி கூலிங் பெட்டி மேல் ஏறி நின்று தமிழில் திட்டிக்கொண்டிருந்தாள். ஐந்தாவதில் காலி. அதே 20 பவுண்டை ஆளுக்கொரு வின் பந்தயமாகப் போட்டிருந்தால் முதல் அரை மணியில் கதை முடிந்திருக்கும். ஒரு மதியத்தின் விலை என்று பார்த்தால் 27 சதவீதம் பெரிதில்லை. சம்பாதிக்க என்று பார்த்தால் கொள்ளை.

ஆனால் குறைவான குதிரை ஓடும் ரேஸ்களில் பிளேஸ்பாட் ஒரு பொறி. ஒரு ரேஸில் நாலு குதிரைதான் மிஞ்சியது என்றால் அங்கே ஜெயித்த குதிரை மட்டும்தான் கணக்கு. ஐந்து முதல் ஏழு என்றால் இரண்டு இடம், எட்டு வந்தால்தான் மூன்று. நீங்கள் எடுத்த குதிரை விலகினால் ஃபேவரிட்டை (விலை மிகக் குறைந்த குதிரையை) உங்கள் தலையில் கட்டிவிடுவார்கள். காலையில் ரேஸ் பட்டியலைப் பார்த்து, நாலைந்து குதிரை ரேஸ் இரண்டுக்கு மேல் இருந்தால் அன்றைக்குப் பிளேஸ்பாட் வேண்டாம்.

போனில் இருக்கும் புக்கி

காலை காபியோடு சோபாவில் உட்கார்ந்து போடலாம். பெரிய லாபம், 'சிறந்த விலை உத்தரவாதம்' என்ற ஏற்பாடு. காலையில் 5/1 வாங்குகிறீர்கள், ரேஸ் கிளம்பும்போது அதிகாரபூர்வ விலை 8/1 ஆகிவிட்டது, ஜெயித்தால் 8/1 தருவார்கள். 3/1 ஆகிவிட்டால் உங்கள் 5/1 அப்படியே இருக்கும். இரண்டு பக்கமும் நமக்கே. திடல் புக்கி இதைத் தரமாட்டார்.

இவ்வளவு நல்லது எதற்குத் தருகிறார்கள் என்று கேட்க வேண்டும் இல்லையா. தோற்கிறவர்களைத் தக்கவைக்கத்தான். கொஞ்ச நாள் தொடர்ந்து நல்ல விலை வாங்கிக்கொண்டிருந்தால், ஜெயிக்கக்கூட வேண்டாம், வாங்குகிற விலை எப்போதும் அவர்களுடைய கடைசி விலையைவிட நன்றாக இருந்தாலே போதும், ஒரு நாள் 20 பவுண்டு போடப் போனால் 1.37 பவுண்டுக்கு மேல் எடுக்க மாட்டோம் என்று திரையில் வரும். எனக்கு ஒரு நிறுவனத்தில் வந்தது. அந்த வருடமும் நான் நஷ்டத்தில்தான் இருந்தேன், அதுதான் வேடிக்கை. உத்தரவாதம் முதலில் பறிபோகும், அப்புறம் அளவு குறையும்.

காகித வேலையும் உண்டு. கிரெடிட் கார்டில் சூதாட்டம் 2020 ஏப்ரலில் இருந்து தடை. 30 நாளில் நிகரமாக 150 பவுண்டுக்கு மேல் கணக்கில் கட்டினால் உங்கள் பண நிலைமை பற்றி ஒரு மேலோட்டமான சோதனை நடக்கும், 2025 பிப்ரவரியில் இருந்து இந்த எல்லை. அடிக்கடி போடாதவர், கோடை விடுமுறையில் ரேஸ் அன்றைக்கே கணக்குத் திறந்து போடப் பார்த்தால், பாஸ்போர்ட் படம் அனுப்பு, முகவரிச் சான்று அனுப்பு என்று இழுக்கலாம். ஒரு வாரம் முன்பே திறந்து எல்லாவற்றையும் முடித்து வையுங்கள்.

திடலுக்குள் போன பிறகு போனை நம்பாதீர்கள். பேங்க் ஹாலிடே அன்று அந்தச் சின்னக் கிராமத்தில் ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் போனை எடுக்கிறோம். போன வருடம் மூன்றாவது ரேஸுக்கு என் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது, குதிரைகள் முதல் வேலியைத் தாண்டியபோதும் சுற்றிக்கொண்டே இருந்தது. அந்தக் குதிரை ஜெயிக்கவில்லை, அதனால் இதை ஒரு நல்ல நினைவாகவே வைத்திருக்கிறேன்.

எக்ஸ்சேஞ்ச்

இங்கே புக்கியே இல்லை, நீங்களும் இன்னொருவரும் நேருக்கு நேர். அவர் ஜெயிக்காது என்கிறார், நீங்கள் ஜெயிக்கும் என்கிறீர்கள், நடுவில் நிற்கிறவர் ஜெயித்த லாபத்தில் 2 முதல் 5 சதவீதம் எடுத்துக்கொள்கிறார். பெட்ஃபேர் என்ற நிறுவனம் 2000இல் ஆரம்பித்த ஏற்பாடு.

விலை என்று மட்டும் பார்த்தால் பெரும்பாலும் இதுதான் முதலிடம். திடலில் 2/1 இருக்கும் குதிரை இங்கே 3.2க்குக் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம் (இங்கே போட்ட காசையும் சேர்த்துத்தான் விலை சொல்வார்கள், 2/1 என்றால் 3.0). 20 பவுண்டு போட்டு ஜெயித்தால் லாபம் 44, அதில் 5 சதவீதம் போனால் 41.80, திடலில் 40. வித்தியாசம் சின்னது. 12/1, 16/1 குதிரைகளில்தான் எக்ஸ்சேஞ்ச் விலை நிஜமாகவே தூரம் போகும்.

ஆனால் இது நெரிசல் உள்ள சந்தையில் நன்றாக நடக்கும் கடை. கார்ட்மெல் மாதிரிச் சின்ன ரேஸில் காலை பத்து மணிக்குப் போய்ப் பார்த்தால் காத்தாடும், விலைக்கும் விலைக்கும் இடையில் லாரி போகும். காசு வந்து சேர்வது கடைசிப் பத்து நிமிடத்தில். அந்தப் பத்து நிமிடத்தில்தான் நீங்கள் திடலில், போனில் வட்டம் சுற்றுகிறது. ஆக, எக்ஸ்சேஞ்சுக்குச் சரியான இடம் வீடு.

ரேஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே போடும் வசதியும் இதில் உண்டு. வீட்டில் பார்க்கிறவர்களுக்குப் படம் சில விநாடி தாமதமாகத்தான் வரும், அது எல்லா ஊருக்கும் பொது. கார்ட்மெல்லில் கூடுதலாக அந்த 800 மீட்டர் இருக்கிறது. மற்ற ஊர்களில் கடைசி வேலியை மூன்று குதிரை நீளம் முன்னால் தாண்டினால் பெரும்பாலும் முடிந்த மாதிரி, அந்தப் பழக்கத்தில் விலை சடாரென்று 1.2க்கு இறங்கும். நண்பன் ஒருவன் சோபாவில் இருந்தபடி அந்த 1.2இல் 50 பவுண்டு போட்டான், 10 பவுண்டு ஜெயிக்க. குதிரை ராட்டினத்துக்குப் பின்னால் போனது, மறுபடி தெரிந்தபோது தலை மேலும் கீழும் ஆடியது, கால் கனத்துவிட்டது, இரண்டு குதிரை அதைக் கடந்து போயின. அந்த ரேஸைப் பார்த்து எக்ஸ்சேஞ்சில் எதிர்ப்பக்கம் நின்றவர் யாரோ ஒருவர் அன்றைக்கு நன்றாகச் சாப்பிட்டிருப்பார்.

எட்டு ஏழாகும் கதை

விலகல் விவகாரத்தைத் தனியாக எழுதுகிறேன். கோடை ஜம்ப் ரேஸில் காசு போகும் பெரிய ஓட்டை இதுதான், எந்தக் கடையும் இதை வாசலில் எழுதி ஒட்டுவதில்லை.

வழக்கமான ஈச்-வே விதி: ஐந்து முதல் ஏழு குதிரை ஓடினால் முதல் இரண்டு இடம், விலையில் நாலில் ஒரு பங்கு. எட்டோ அதற்கு மேலோ ஓடினால் முதல் மூன்று இடம், ஐந்தில் ஒரு பங்கு. நிறையக் குதிரை ஓடும் ஹேண்டிகேப்களுக்கு (திறமைக்குத் தகுந்த எடையை ஏற்றி ஓடவிடும் ரேஸ்களுக்கு) வேறு கணக்கு.

சரியாக எட்டு குதிரை உள்ள ரேஸில், 8/1 குதிரையில் 10 பவுண்டு ஈச்-வே, மொத்தம் 20. மூன்றாவதாக வந்தால் பிளேஸ் பாதிக்கு 16 லாபம், போட்ட 10, ஆக 26 கையில். ஆறு பவுண்டு மிச்சம், சந்தோஷம். இப்போது மதியம் ஒரு மணிக்கு ஒரு குதிரை விலகுகிறது. ஏழு ஆகிவிட்டது. உங்கள் குதிரை அதே மூன்றாவதாக வருகிறது. கையில் பூஜ்யம். நீங்கள் எதையும் மாற்றவில்லை, குதிரையும் சொன்னதைச் செய்தது.

விலகியது ஃபேவரிட் என்றால் இன்னொரு அடி. ரூல் ஃபோர் என்ற பிடித்தம், 2/1 குதிரை விலகினால் ஜெயித்த லாபத்தில் பவுண்டுக்கு 30 பென்ஸ் வெட்டுவார்கள். போட்டி குறைந்துவிட்டது, அதனால் உங்கள் விலை நியாயமில்லை என்பது வாதம், அது சரிதான். ஆனால் பிளேஸ் ஒன்று போனதற்கு யாரும் பதிலுக்குத் தருவதில்லை.

இந்த ஒரு விஷயத்தில் எக்ஸ்சேஞ்ச் வேறு மாதிரி. அங்கே பிளேஸ் சந்தை தனியாக நடக்கும். மூன்று இடம் என்று திறந்தால், குதிரை விலகி ஏழே ஓடினாலும் மூன்று இடம்தான். விலையை மட்டும் கொஞ்சம் வெட்டுவார்கள். எட்டு குதிரை ரேஸில் பிளேஸுக்குப் போட நினைத்தால், முந்தின நாளோ காலையிலோ போட நினைத்தால், அங்கேதான் போக வேண்டும். இது தெரியாமல் மூன்று கோடை கழித்தேன், நோட்டில் மூன்று பக்கம் இருக்கிறது.

திடலில் இருந்தால் இன்னும் எளிது: ரேஸுக்கு முன்னால் குதிரைகளை வட்டமாக நடத்திக் காட்டும்போது தலையை எண்ணுங்கள். எட்டு தலை இருக்கிறது என்று பார்த்த பிறகு புக்கியிடம் போங்கள்.

விலகலை வைத்தே பெரிய நாடகம் நடந்த ஊர் இது. 1974 ஆகஸ்ட் பேங்க் ஹாலிடே, கே ஃப்யூச்சர் என்ற குதிரை. ஐரிஷ் கட்டட ஒப்பந்தக்காரர் டோனி மர்ஃபி கூட்டம் இந்தக் குதிரையை வேறு இரண்டு குதிரைகளில் ஒன்றோடு சேர்த்து டபுளாக (சேர்த்த இரண்டும் ஜெயித்தால்தான் காசு) லண்டன் கடைகளில் பிரித்துப் பிரித்துப் போட்டது. அந்த இரண்டும் ஓடப்போவதே இல்லை. அவை விலகியதும் விதிப்படி டபுள் எல்லாம் கே ஃப்யூச்சர் மீது ஒற்றைப் பந்தயமாக மாறின. குதிரை களைத்து வியர்த்த மாதிரித் தெரியக் காலில் சோப்புத் துகளைத் தேய்த்துக் கொண்டுவந்தார்கள். விஷயம் புரிந்த கடைகள் திடலில் விலையை இறக்கப் பார்த்தால், அந்தக் காலக் கார்ட்மெல்லுக்குப் போன் போட்டுச் சேர முடியவில்லை. 10/1இல் 15 நீளத்தில் ஜெயித்தது. அப்புறம் வழக்கு, அபராதம். இந்தத் திடலில் போன் கிடைக்காத பிரச்சினை என்னோடு ஆரம்பித்ததல்ல.

ஒரே பார்வையில்

| | திடல் புக்கி | டோட் | போன் புக்கி | எக்ஸ்சேஞ்ச் |
|---|---|---|---|---|
| பிடித்தம் | நடுத்தரம், நடந்து பார்த்தால் குறையும் | அதிகம், 19 முதல் 27% | நடுத்தரம், உத்தரவாதத்தால் குறையும் | குறைவு, லாபத்தில் 2–5% |
| விலை உறுதி | போடும்போதே | ரேஸ் முடிந்து | போடும்போதே, ஏறினால் ஏறியது | போடும்போதே |
| எட்டு ஏழானால் | ஒரு இடம் போச்சு | ஒரு இடம் போச்சு | ஒரு இடம் போச்சு | பிளேஸ் சந்தையில் இடம் நிற்கும் |
| திடலில் வேலை செய்யுமா | செய்யும் | செய்யும், வரிசை நீளம் | சிக்னலைப் பொறுத்து | நம்ப வேண்டாம் |
| கட்டுப்பாடு | கையில் உள்ள காசோடு நிற்கும் | மிக எளிது | கார்டு இருக்கும்வரை ஓடும் | அதேதான், இன்னும் வேகமாக |

கடைசி வரிசையில் ஒரு திருத்தம். கேம்ஸ்டாப்பில் பதிந்து தன்னைத் தானே விலக்கி வைத்திருப்பவர்களுக்கு அது இணையக் கணக்குகளை மட்டும்தான் அடைக்கும். திடலில் குடைக்கடியில் நிற்கிறவருக்கு நீங்கள் யாரென்றே தெரியாது. அந்த நிலையில் இருக்கிற நண்பர் கூட வருகிறார் என்றால், அன்றைக்கு லேக் டிஸ்ட்ரிக்டில் படகு சவாரி போதும்.

யாருக்கு எது

குடும்பத்தோடு முதல் முறை போகிறீர்கள், மொத்தமே 30 பவுண்டு: டோட்டில் ஒரு பிளேஸ்பாட், மிச்சத்தைத் திடல் புக்கியிடம் ஐந்தைந்தாக, தீரும்வரை. குழந்தைகள் பெயர் பிடித்துச் சொல்கிற 25/1 குதிரையும் அதில் ஒன்றாக இருக்கட்டும். போட்டு டிக்கெட் வாங்குவது நீங்கள், அவர்களுக்கு 18 ஆகும்வரை குடைக்கடியில் வேலையில்லை.

முந்தின நாளே பழைய ரேஸ்களைப் படித்து ஒரு குதிரையைத் தேர்ந்தெடுத்துவிட்டீர்கள்: காலையில் வீட்டிலேயே, உத்தரவாதம் தருகிற போன் கணக்கில், வின் மட்டும். ஈச்-வே என்றால் ஒன்பதோ அதற்கு மேலோ குதிரை இருக்கும் ரேஸில் மட்டும், ஒன்று விலகினாலும் தாங்கும்.

கணக்கை நெரித்துவிட்டார்கள், அல்லது வீட்டில் இருந்து டிவியில் பார்க்கிறீர்கள்: எக்ஸ்சேஞ்ச், கடைசி ஐந்து நிமிடத்தில், குதிரைகள் கிளம்பும் முன். கிளம்பிய பிறகு போனைக் கவிழ்த்து வையுங்கள். அந்த 800 மீட்டரில் யார் களைப்பார்கள் என்று நிஜமாகவே கண்டுபிடிக்கத் தெரிந்தவர் என்றால் இந்தக் கட்டுரை உங்களுக்குத் தேவையில்லை.

என் நண்பரின் அப்பா இந்த எந்த வகையிலும் அடங்க மாட்டார். கொழும்பில் புக்கிக் கடையில் பெஞ்சில் உட்கார்ந்து, இங்கிலாந்து ரேஸின் வர்ணனையைக் கேட்டே முப்பது வருடம் பந்தயம் கட்டியவர். அங்கே எத்தனையோ கடைகளில் இந்த ஊர் ரேஸ்தான் ஓடும். மகனைப் பார்க்க லான்காஸ்டர் வந்தபோது கார்ட்மெல்லுக்கு அழைத்துப் போனோம். நான் பிடித்தம், உத்தரவாதம், எட்டு ஏழாகும் கதை எல்லாம் காரிலேயே விளக்கி முடித்தேன். பொறுமையாகக் கேட்டார். திடலில் இறங்கியதும் வேலியோரம் போய் நின்றார். முதல் ரேஸ், இரண்டாவது ரேஸ், மூன்றாவது ரேஸ், ஒரு பென்ஸ்கூடப் போடவில்லை.

"என்ன மாமா, போடலையா?"

"தம்பி, முப்பது வருசம் காதால கேட்டனான். இண்டைக்குத்தான் குதிரை தாண்டுறதைக் கண்ணால பாக்கிறன். கொஞ்சம் பேசாம நில்லுங்கோ."